புதன்கிழமைச் சீசா

உ

சிங்கவரம்,
14-8-85

அன்புள்ள மாமாவுக்கு மீனம்பாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அத்தையும் நலம். உங்கள் நலத்துக்கும், பிலாய் உருக்காலையில் நீங்கள் ஏறி உட்காரும் கிரேனின் நலத்துக்கும் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன்.

ஐந்தாம் மாதம் பிறந்துவிட்டது. உங்கள் பிள்ளை உதைக்க ஆரம்பித்திருக்கிறது. செஞ்சியில் திண்டிவனம் ரோட்டு லேடி டாக்டரிடம் காட்டினோம். முதல் பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றிலேயே போனதைக் கேட்டு எழுதிக்கொண்டார். வாரா வாரம் புதன்கிழமை காலையில் மூத்திரம் பிடித்துச் சீசாவில் அனுப்பச் சொல்லியிருக்கிறார். அதை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சுகிறார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறினால் சர்க்கரை இருக்கிறதாம். செங்கல் நிறம் வந்தால் அதிகமாம். போன வாரமும் இந்த வாரமும் எனக்குச் செங்கல்தான்.

மாத்திரை வேண்டாம், சாப்பாட்டிலேயே அடக்கிப் பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. அரிசி இல்லை, வெல்லம் இல்லை, பழம் இல்லை. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் கோதுமைக் கஞ்சியும் கீரையும், ராத்திரி இரண்டு ரொட்டி. சர்க்கரை கூடினால் பிள்ளைக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார். அதனால் வாயைக் கட்டிவிட்டேன்.

சீசாவைக் கொண்டுபோவது அத்தைதான். என்னைப் பஸ் ஏற விடுவதில்லை. "நீ குலுங்கக் கூடாது. குடு, நான் எட்டிப் போயிட்டு வந்துடறேன்" என்று வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வயல் வழியாக நடந்துவிடுகிறார். அந்தக் கிளினிக்கில் பெருக்குகிற வேலைக்கு நம் பங்காளி ராஜாங்கத்தின் பெண்சாதி சேர்ந்திருக்கிறாள். கிணற்றுப் பங்குச் சண்டையிலிருந்து அவள் பெயரைச் சொன்னாலே அத்தைக்கு முகம் சுருங்குகிறது. நான் சீவிக் கழிக்கிற முடியை அத்தையே பொறுக்கி அடுப்பில் போடுகிறார். வெட்டின நகத்தையும் விடுவதில்லை. நான் சிரித்தால் கோபம் வேறு.

வேறு விசேஷம் இல்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள், என் பங்கையும் சேர்த்து.

தங்கள் அன்பு மனைவி,
மீனம்பாள்

பிலாய்,
27-8-85

அன்பு மீனாவுக்கு இளையபெருமாள் எழுதுவது. நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வேலையில் மனம் நிற்கவில்லை. போன தடவை பிள்ளையைத் துணியில் சுற்றி ஏரிக்கரைக்கு எடுத்துப் போனவன் நான். அந்தக் கனம் இன்னும் கையில் இருக்கிறது. இன்னொரு தடவை என்னால் ஆகாது மீனா.

உனக்கு இனிப்பு என்றால் உயிர் என்று எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் பந்தியில் எனக்கு வைத்த லட்டையும் எடுத்துத் தின்றவள் நீ. அதெல்லாம் இப்போது கூடாது. அம்மா சொல்கிறபடி கேள். அவள் உன் பிள்ளைக்குக் கெடுதல் நினைக்க மாட்டாள்.

இப்படிக்கு,
இளையபெருமாள்

உ

சிங்கவரம்,
2-10-85

சிரஞ்சீவி இளையபெருமாளுக்கு அம்மா ராஜாம்பாள் ஆசீர்வாதம். எல்லோரும் க்ஷேமம். உன் க்ஷேமத்துக்கு எழுதவும். நாலாம் வகுப்பு எழுத்து, கூட்டிப் படித்துக்கொள்.

புரட்டாசி பிறந்ததிலிருந்து ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன், அதுவும் பொங்கல், பாயசம் எதுவும் இல்லாமல். உன் பிள்ளைக்காகப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டது. பெருமாள் கண் திறந்துவிட்டார். போன வாரம் பச்சை, இந்த வாரம் நீலம். டாக்டரம்மாவே "பரவால்லியே" என்றாள்.

பெருமாள் மலைக்குப் போன வழியில் காலில் முள் ஏறியது. புண் ஆறமாட்டேன் என்கிறது. வெயில் சூட்டுக்கு நாக்கு வறண்டு தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறது. வேறொன்றும் இல்லை. மீனம்பாள் பத்தியமாக இருக்கிறாள். பத்தியம் யாரையும் கொன்றதில்லை.

அம்மா

உ

சிங்கவரம்,
18-10-85

அன்புள்ள மாமாவுக்கு மீனம்பாள் வணக்கம். நானும் அத்தையும் நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஒரு நல்ல செய்தி. விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இல்லவே இல்லை என்று வந்துவிட்டது. நான் அங்கேயே அழுதுவிட்டேன். டாக்டரம்மாவுக்குத்தான் புரியவில்லை. "ரெண்டு மாசம் செங்கல்லா இருந்தது, இப்ப இப்படி எறங்கியிருக்குதே" என்று சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பத்தியம்தான் வேலை செய்திருக்கிறது, விடாதே என்றார். எனக்கு வெல்லக்கட்டி ஒன்று கொடுத்துப் பாராட்டியிருக்கலாம்.

ஆனால் எடை ஏறவில்லை மாமா. ஏழு மாதத்து வயிறு மாதிரி இல்லை என்று பார்த்தவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் சோறு வடிக்கும் வாசனை வந்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. சோற்றுக்கு அழுகிற மருமகள் என்று ஊர் சொல்லக் கூடாதே என்று உள்ளே போய்விடுகிறேன். அத்தைக்கு இப்போது என்னைவிடத் தாகம் அதிகம். ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கிறார்.

தங்கள் அன்பு மனைவி,
மீனம்பாள்

உ

சிங்கவரம்,
20-11-85

அன்புள்ள மாமாவுக்கு மீனம்பாள் வணக்கம். அத்தை நலம். உங்கள் நலம் அறிய ஆவல். என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

தீபாவளி கழிந்த புதன்கிழமை செங்கல். இன்றைக்கும் செங்கல். நான் ஒரு அதிரசத்தைக்கூட விரலால் தொடவில்லை. சுட்டு எடுத்ததெல்லாம் நான்தான், அடுப்பின் முன்னால் உட்கார்ந்து வாசனையை மட்டும் குடித்தேன். அத்தை, பெருமாளுக்குப் படைத்ததைத் தள்ளக் கூடாது என்று சாப்பிட்டார். புரட்டாசி முழுவதும் பட்டினி கிடந்தவர், சாப்பிடட்டும் என்று நானே இன்னும் இரண்டு எடுத்து வைத்தேன்.

இன்றைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டரம்மா எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார். "ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி மட்டும் ஒழுங்கா இருந்துட்டு, அப்பறம் வீட்ல இஷ்டத்துக்குத் துண்றியா? இன்னா நெனச்சிக்கினு இருக்கற நீ? செத்துப்பூடும் புள்ள!" என்றார். நான் இல்லை என்றேன். "மூத்திரம் பொய் சொல்லாதும்மா" என்றார். அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி ரொட்டியும் ஒன்றுதான். அப்படியும் இறங்காவிட்டால் ஜனவரி முதல் தேதி கிளினிக்கில் சேர்த்துக்கொண்டு தினமும் இன்சுலின் ஊசி போடப் போகிறார்களாம். முந்தாநாள் கிணற்றடியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். குடம் உடைந்தது. மண்குடம்தான். ஆனால் மருமகள் உடைத்தால் பொன்குடம் ஆயிற்றே. அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மாமா, நான் எதுவும் தின்னவில்லை. நீங்கள் நம்ப வேண்டும்.

தங்கள் மனைவி,
மீனம்பாள்

பிலாய்,
28-11-85

அம்மாவுக்கு இளையபெருமாள் எழுதுவது. நான் நலம். உன் கால் புண் ஆறிற்றா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் எழுது. மீனா மறைத்து எதையாவது தின்கிறாளா? வீட்டில் அவளோடு இருப்பது நீ ஒருத்திதான். உனக்குத் தெரியாமல் அங்கே எதுவும் நடக்காது. பிள்ளை விஷயம். மருமகள் என்று பார்க்காதே.

இளையபெருமாள்

உ

சிங்கவரம்,
4-12-85

சிரஞ்சீவி இளையபெருமாளுக்கு அம்மா ஆசீர்வாதம். க்ஷேமம்.

மழை பெய்து ஏரி நிரம்பியது. மேட்டு நிலத்து மல்லாட்டை பிடுங்கியாயிற்று, கடலை சிறுத்துவிட்டது. கிடாரி சினையாக இருக்கிறது. ராஜாங்கம் வீட்டார் வரப்பை மறுபடியும் வெட்டியிருக்கிறார்கள். கால் புண்ணுக்கு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடுகிறேன். ராத்திரியில் நாலு தடவை எழுந்து வெளியே போக வேண்டியிருக்கிறது, வயதாகிவிட்டது. குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொள்.

அம்மா

பிலாய்,
10-12-85

மீனாவுக்கு.

நான் நலம். அம்மாவிடம் நேராகவே கேட்டு எழுதினேன். மழையைப் பற்றி எழுதுகிறாள், கிடாரியைப் பற்றி எழுதுகிறாள், நீ தின்றாயா இல்லையா என்று மட்டும் எழுதவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல் மழுப்புகிறாள். எனக்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

நாக்கை அடக்கத் தெரியாத ஒரு பெண்ணுக்கு எதற்குப் பிள்ளை? ஏரிக்கரையில் ஒன்றைப் புதைத்தது உனக்குப் போதவில்லையா? இந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான் அந்த ஊருக்கே வர மாட்டேன். நீ உன் அம்மா வீட்டுக்குப் போய்விடலாம்.

ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள்.

இளையபெருமாள்

உ

சிங்கவரம்,
19-12-85

மாமாவுக்கு மீனம்பாள் எழுதுவது. நலம் விசாரிக்கக் கை வரவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். நலமா?

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மூத்திரம் பொய் சொல்லாது என்கிறார் டாக்டர். அம்மா பொய் சொல்ல மாட்டாள் என்கிறீர்கள் நீங்கள். அப்படியானால் பொய் சொல்வது நான் ஒருத்திதான். என் வயிற்றில் என்ன போகிறது என்று எனக்குத் தெரியாதா? பசித்த வயிற்றுக்கு நல்ல ஞாபகம் உண்டு.

நேற்று புதன்கிழமை. சீசாவில் நான் மூத்திரம் பிடிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைப் பிடித்தேன். நிறத்துக்கு ஆவாரம்பூ ஊறின தண்ணீர் கொஞ்சம் விட்டேன். மூடி, எப்போதும் போல அத்தை கையில் கொடுத்தேன். அவரும் எப்போதும் போல மடியில் கட்டிக்கொண்டு போனார். மத்தியானம் சீட்டோடு வந்தார்.

செங்கல்.

கிணற்றுத் தண்ணீரில் சர்க்கரை எப்படி வரும் மாமா? அத்தையை நான் கேட்கவில்லை. வழியில் சீசாவில் இருந்ததைக் கொட்டிவிட்டு வேறு யாருடையதையோ பிடித்துக் கொடுத்திருக்கிறார். யாருடையது என்று நான் எழுத வேண்டாம். கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் அத்தை உட்கார்ந்து வருகிற இடத்தில் எறும்பு மொய்க்கிறது. நான் போகிற பக்கம் ஒரு எறும்பு இல்லை.

ஏன் செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. என் மேல் அவ்வளவு வெறுப்பு என்று என்னால் நினைக்கவும் முடியவில்லை. கிளினிக்கில் போய்ச் சொன்னால் ராஜாங்கம் பெண்சாதி எதிரில் அத்தையின் மானம் போகும். சொல்லாவிட்டால் முதல் தேதி எனக்கு ஊசி. சர்க்கரை இல்லாத உடம்பில் அந்த ஊசி ஏறினால் ஆள் மயங்கிப் போய்விடும் என்று கம்பவுண்டர் யாருக்கோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆள் போனால் பிள்ளையும் போகும்.

உங்கள் பதில் வருவதற்குள் முதல் தேதி வந்துவிடும். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, அந்த ஊசிக்கு நான் கை நீட்ட மாட்டேன்.

மீனம்பாள்

பிலாய்,
27-12-85

என் மீனாவுக்கு இளையபெருமாள் எழுதுவது. நீ நலமா, பிள்ளை நலமா? இதைத் தவிர வேறு எதையும் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஊசி வேண்டாம் என்று இப்போதுதான் தந்தி கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். அது நேரத்துக்குப் போய்ச் சேருமா என்றுதான் கவலை. லீவு கேட்டேன். உலை வேலை நடப்பதால் மாசிக்கு முன்னால் விட முடியாது என்கிறார்கள். காலில் விழாத குறையாகக் கேட்டும் பார்த்துவிட்டேன்.

அம்மா எழுதாமல் மறைத்ததால் நானும் ஏமாந்துபோனேன். அவள் வயதானவள், விவரம் தெரியாதவள். அவளை மன்னித்துவிடு. என்னையும் மன்னித்துவிடு. நடந்ததெல்லாம் நடந்துவிட்டது, இனி நல்லதையே நினைப்போம்.

உன் இளையபெருமாள்

உ

சிங்கவரம்,
5-1-86

சிரஞ்சீவி இளையபெருமாளுக்கு அம்மா எழுதுவது. நான் க்ஷேமம் என்று எழுத முடியாது. உன் பெண்சாதி க்ஷேமம். ஊசி போடவில்லை. உன் தந்தி ஊசித் தேதி கழிந்து மறுநாள்தான் வந்தது.

முதல் தேதி காலையில் மீனம்பாள் சீசா தரவில்லை. "நானும் வர்றேன் அத்தை" என்று கூடவே நடந்தாள். கிளினிக்கில் ஊசியெல்லாம் கொதிக்க வைத்து எடுத்து வைத்திருந்தார்கள். இவள் டாக்டரம்மாவிடம், "இங்கியே புடிச்சித் தர்றேன், ஒரு தபா பாத்துட்டுப் போடுங்க" என்றாள். பார்த்தார்கள். நீலம். டாக்டரம்மா மறுபடியும் பார்த்தாள். அப்போதும் நீலம். "இத்தினி நாளா இந்த சீசாவை யாரு கொண்டாந்தது?" என்று கேட்டாள்.

மீனம்பாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லியிருந்தால் நான் இல்லை என்று சாதித்திருப்பேன். அவள் சொல்லாததால்தான் நான் சொல்ல வேண்டி வந்தது. "என்னோடதும்மா. அவளோடத வழியில ஊத்திட்டு நான் புடிச்சாந்தேன்" என்றேன். ராஜாங்கம் பெண்சாதி துடைப்பத்தோடு அங்கேயேதான் நின்றாள்.

ஏன் செய்தேன் என்று நீயும் கேட்பாய். முதல் பிள்ளை செத்தே பிறந்ததே, அது தானாக நடந்தது என்று நான் நம்பவில்லை. முழுகாமல் இருக்கிறவளின் முடி, நகம், மூத்திரம் ஆகாதவர்கள் கையில் சிக்கினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ராஜாங்கம் பெண்சாதிதான் அந்தச் சீசாக்களை வாங்கி அடுக்குகிறாள். நான் எப்படிக் கொடுப்பேன்? பெண்பிள்ளை மூத்திரம் எல்லாம் ஒன்றுதான், சூனியம் வைத்தாலும் என் மேல் வைக்கட்டும் என்று என்னுடையதைக் கொடுத்தேன். செங்கல் என்றதும் எனக்குப் பயம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. அவள் வைத்தது என் மேல் விழுந்துவிட்டது, பிள்ளை தப்பித்தது என்று நினைத்தேன். வெளியே சொன்னால் தடுத்தது பலிக்காமல் போகும் என்று உனக்குக்கூட எழுதவில்லை. பத்தியம் ஒரு கெடுதலும் செய்யாது என்றிருந்தேன். அவள் குடத்தோடு விழுந்த அன்றைக்குத்தான் பயந்தேன். அப்போதும் வாய் வரவில்லை.

எனக்குச் சர்க்கரை வந்து வருஷக்கணக்கு ஆகியிருக்கும் என்கிறாள் டாக்டரம்மா. கால் புண்ணைப் பார்த்துக் கத்தினாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ராஜாங்கம் பெண்சாதி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன்.

மீனம்பாள் வீட்டுக்கு வந்து ஒரு தட்டுச் சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா

உ

சிங்கவரம்,
2-2-86

மாமாவுக்கு மீனம்பாள் எழுதுவது. இங்கே மூன்று பேர் இருக்கிறோம். மூன்று பேருக்கும் உயிர் இருக்கிறது. நீங்கள் நலமாக இருங்கள்.

தை பிறந்து ஆறாம் நாள் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோகூட இல்லை. அழுகை கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி இருக்கிறது. சர்க்கரையால் வந்த குறை இல்லை, தாய் சாப்பிடாததால் வந்த குறை என்று டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறோம். பாலை உறிஞ்சத் தெம்பு இல்லை, பாலாடையில் பீய்ச்சி விடுகிறேன். நேற்றிலிருந்து தானாக இரண்டு வாய் குடிக்கிறது. பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். பிழைத்துக்கொள்ளும்.

அத்தைக்குக் கால்விரல் ஒன்று எடுத்தாயிற்று. தினமும் காலையில் ஊசி. செஞ்சிக்கு அலைய முடியாது என்று கம்பவுண்டரிடம் நானே போடக் கற்றுக்கொண்டேன். மருந்துச் சீசாவை ஈரமணல் சட்டியில் வைத்திருக்கிறேன். எனக்குக் கொடுத்த அதே கேழ்வரகுக் கூழ், அதே கோதுமைக் கஞ்சி, அதே இரண்டு ரொட்டி அவருக்குக் கொடுக்கிறேன். முதல் நாள் ஊசியை எடுத்தபோது அத்தை, "கோவம் இருந்தா அழுத்திக் குத்திடு மீனா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். நான் வலிக்காமல்தான் போட்டேன். கோபம் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அத்தையை மன்னித்துவிடு என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கும் அவருக்கும் நடுவே உள்ளது. தினமும் ஒரு ஊசி, மூன்று வேளைச் சாப்பாடு என்று அது நடந்துகொண்டிருக்கிறது. என்றைக்கு முடியும் என்று தெரியாது. நீங்கள் அதில் நுழைய வேண்டாம்.

அத்தை மறைத்ததால் ஏமாந்துபோனேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் தின்றேன் என்று அத்தை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லையே. டாக்டரம்மா என்னை நம்பவில்லை, அவருக்கு நான் யாரோ. நீங்கள் என்னோடு ஐந்து வருஷம் வாழ்ந்தவர். நான் இல்லை என்று எழுதினேன். என் வார்த்தையையும், அவர் எழுதாத வார்த்தையையும் வைத்துப் பார்த்து, எழுதாததைத்தான் எடுத்துக்கொண்டீர்கள்.

மாசியில் வாருங்கள். வர வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், உங்கள் மகள் இங்கே இருக்கிறாள். வரும்போது ஒரே ஒரு பதிலை மட்டும் யோசித்துக்கொண்டு வாருங்கள், கடிதத்தில் வேண்டாம், என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அத்தை செய்ததெல்லாம் பயத்தில் செய்தார். பிள்ளை போய்விடுமோ என்று பயம். நீங்கள் ஏரிக்கரையைச் சொல்லிக்காட்டி அந்தக் கடிதத்தை எழுதினீர்களே, அது எதில் எழுதினது?

மீனம்பாள்